நான்காம் வலை

நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் என் இடது கணுக்காலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

மலைக்காட்டுப் பறவைகளை ஆராய்வது எங்கள் வேலை. மரங்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலை கட்டுவோம். சிக்கும் பறவையை எடை போட்டு, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, பதிவேட்டில் எழுதிவிட்டுப் பறக்கவிடுவோம். அருங்காட்சியகத்துக்காக ஐந்து நீலக்குருவிகளை மட்டும் கொன்று எடுக்க அனுமதி இருந்தது. நான்கு கிடைத்துவிட்டன. அனுமதி அன்றோடு முடிகிறது. ஐந்தாவது கிடைக்காவிட்டால் என் இரண்டு வருட உழைப்பு விழலுக்கு இறைத்த நீர்தான்.

குழுவில் மூத்த ஆய்வாளரை அக்கா என்போம். முதல் நாளே எச்சரித்திருந்தார்.

"கால்ல வளையம் இருந்தா எழுதிட்டு விட்டுடணும். அது ஏற்கெனவே நாம விட்ட உயிர்."

காலை 5.50. ஒரே மூடுபனி. நான்காம் வலையில் ஒரு நீலக்குருவி தொங்கியது. காலில் வளையம்... தேய்ந்து போன பழைய வளையம்.

யார் பார்க்கப் போகிறார்கள்? வளையத்தை வெட்டிச் சட்டைப் பையில் போட்டேன். கட்டைவிரலால் குருவியின் மார்பை அழுத்தினேன். இதயம் படபடத்து நின்றது. வெட்கப்படவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

6.10. காட்டில் ஒரு பறவையும் கத்தவில்லை. கையிலிருந்த குருவியின் உடம்பு ஆறவே இல்லை. இன்னும் சூடு ஏறியது.

கூடாரத்தை நோக்கி நடந்தேன். இருபது அடிகூட இருக்காது. முகத்தில் வலை மோதியது.

அந்த வழியில் நாங்கள் வலையே கட்டவில்லை.

கம்பில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். 4.

உதறினேன். இறுகியது.

6.20. பின்னால் மூச்சுச் சத்தம்... என் விலாவில் ஒரு விரல் பதிந்தது. அழுத்தியது.

கணுக்காலில் ஏதோ சில்லென்றது.

டிக்.

"எங்கடா போன? மணி எட்டாச்சு."

அக்காவின் குரல். நான் தரையில் கிடந்தேன். வலை இல்லை. குருவியும் இல்லை. கணுக்காலைச் சுற்றி ஒரு வெள்ளைத் தழும்பு.

மூன்றாம் நாள், அலுவலகத்தில் அக்காவிடம் வளையத்தைக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பழைய பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினார். பக்கத்தைப் பார்த்தார். என் பக்கம் திருப்பி வைத்தார்.

பழுப்பேறிய தாள். மங்கிய மை. அந்த எண்ணுக்கு எதிரே ஒரே வரி. தேதி, நான் குருவியைக் கொன்ற அன்றைய தேதி. நேரம் 6.20. வலை 4. எடை 61 கிலோ 400 கிராம்.

வீட்டுக்கு வந்ததும் எடை பார்த்தேன். இம்மி பிசகவில்லை.

அந்த வரியில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. விடுவித்த நேரம்.