ஊசி தின்ற குரல்

ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் ஒரு பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நான் நின்றுவிட்டேன். புதிதாக வெட்டிய இசைத்தட்டுக்கும் அதே நெடிதான். துணியில் சுற்றிப் பைக்குள் நான் வைத்திருந்த நாற்பது வருஷத்துத் தட்டில் அது துளியும் இல்லை.

அப்போது பினாங்கில் ஜப்பான்காரன் காலம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. செல்வம் அண்ணன் பெயர், போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கான பட்டியலில் வந்துவிட்ட நாளிலிருந்து அம்மா ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: அவன் குரலாவது வீட்டில் இருக்க வேண்டும். வானொலி நிலையத்தில் தட்டு வெட்டுகிற சீனர் ஆ செங், அண்ணனோடு பந்து விளையாடியவர், வெள்ளைக்காரன் விட்டுப்போன வெற்றுத் தட்டு ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். அதைக் காட்டி "சத்து சஹாஜா" என்றார் மலாயில். ஒன்றே ஒன்று, பிசகினால் வேறு கிடையாது.

பிசகத்தான் வழி அதிகம். தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடிப் பாட்டு பாடிப் பழகிய தொண்டை அவனுடையது. அவன் உச்சத்துக்கு ஏறினால் வெட்டும் ஊசி தடம் மாறிக் குதித்துவிடும். அடங்கிப் பாடினாலோ தட்டின் இரைச்சல் பாட்டை விழுங்கிவிடும். சத்தம் கூடும்போது மைக்கை விட்டு விலக வேண்டும், குறையும்போது நெருங்க வேண்டும். வாய் திறந்ததுமே கண்ணை மூடிக்கொள்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப்போகிறது? ஆகவே, பாட்டு முழுக்க மனப்பாடமான எனக்கு, ஒன்பது வயசில், அந்த வேலை வந்தது: பின்னால் நின்று அவன் சட்டை வாலைப் பிடித்து இழுப்பது, பிறகு முதுகில் கைவைத்துத் தள்ளுவது. மூன்று நாள் வீட்டில் ஒத்திகை. "மாடு ஓட்டுறியா பாப்பா" என்று அவன் கேலி செய்தான், நான் முறைத்தேன்.

பதிவன்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசிச் சரணத்தில் நான் பாட்டைக் கேட்கத் தொடங்கிவிட்டேன். கேட்டுக்கொண்டே எப்படி இழுப்பது? ஒரு நொடி பிந்திவிட்டது. ஊசி குதிக்கவில்லை, ஆனால் அந்த இடத்தில் குரல் துணி கிழிவது போலக் கிழிந்தது. ஆ செங் தலையில் கைவைத்துக்கொண்டார். அண்ணன் சிரித்தான்.

தட்டைத் துலக்கி நாடாவில் எடுக்க வந்த இந்தக் கூடத்தில் இன்று என் வேலையை ஒரு பெட்டி செய்கிறது. 'கம்ப்ரசர்' என்றான் கூடத்துத் தம்பி ஜெகன். உரக்கப் பாடினால் பின்னுக்கு இழுக்கிறது, மெல்லப் பாடினால் முன்னுக்குத் தள்ளுகிறது, பாட்டில் மயங்கி ஒருபோதும் பிந்துவதில்லை. ஆனால் அண்ணனைத் தள்ளும்போது இரைச்சலையும் சேர்த்தல்லவா தள்ளுகிறது! 'ஈக்குவலைசரில்' இரைச்சலைக் குறைத்தால் அவன் போர்வைக்குள்ளிருந்து பாடுகிறான். கூட்டினால் அப்பளம் பொரிகிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூன்று மணி நேரம் அந்தப் பிள்ளையின் உயிரை எடுத்தேன். அவன் குமிழிலிருந்து கையை எடுத்தான்.

"மேல, கூர்மையான சத்தம் இருக்கற இடத்துல, ஒண்ணுமே இல்லலா அக்கா. இல்லாதத நான் எப்படித் தூக்கறது?"

தட்டை எத்தனை தடவை போட்டீர்கள் என்று கேட்டான். அண்ணன் போனபின் கடிதம் வரவில்லை. அம்மா தினமும் சாயங்காலம் தட்டைப் போடச் சொன்னாள், சில நாள் நாலைந்து தடவை. புது ஊசிக்குப் பினாங்கு முழுக்க அலைந்தும் கிடைக்காமல், தேய்ந்த ஊசியையே அம்மிக்கல்லில் தீட்டித் தீட்டிப் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஊசி முனையில் கறுப்பாகத் தூள் ஒட்டியிருக்கும். அதை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி தொடங்குவேன். ஜெகன் மூன்று மணி நேரமாகத் தேடியது நான் ஊதித் தள்ளிய அந்தத் தூளைத்தான்.

அண்ணன் 'ச' எப்படிச் சொல்வான் என்பது போய்விட்டது. மூச்சு வாங்குவது போய்விட்டது. கிழிந்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது, என் பிசகுக்கு ஒரு தேய்மானமும் இல்லை.

அண்ணன் திரும்பவில்லை. வானொலி நிலையம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. படகுத்துறை ஜெட்டி மட்டும் இருக்கிறது. அங்கேதான், ரயில் பிடிக்க அக்கரையில் உள்ள பிறை ஊருக்குப் போகும் படகில் அவனை ஏறவிடாமல், பழக்கப்பட்ட கையால் சட்டை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றேன். அவன் குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுச் சொன்னான்:

"தட்ட ரொம்பப் போடாத பாப்பா, தேஞ்சிரும். நான் வந்து வேற பாடித் தரேன்."