தொட்டிலுக்குப் போட்ட இரண்டு ஓட்டைகள்

படிப்பும் நானும் இன்டர் முதல் வருஷத்தோடு, அதாவது பிளஸ் ஒன்னோடு, சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். அதிலிருந்து தமிழ் வீடுகளில் ஓட்டை போடுவதுதான் என் தொழில். திரைச்சீலைக் கம்பி, டிவி, தண்ணீர் ஃபில்டர், சாமி அலமாரி. ஊரிலிருந்து ஹைதராபாத்துக்கு ஐ.டி. வேலைக்கு வருகிறவர்களுக்கு வீடு கிடைத்த மறுநாளே சுவரில் ஓட்டை வேண்டும். அவர்களுக்குத் தெலுங்கும் வராது, ஹிந்தியும் வராது. எனக்கு மூன்று மொழியும் அரைகுறையாக வரும். அதனால் ஒருவர் சொல்லி ஒருவராக, லோத்குண்டாவில் இருக்கும் எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும்.

அப்படித்தான் ஹப்சிகுடாவிலிருந்து ஓர் அண்ணன் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர். பல நாள் தூங்காதவர் என்பது குரலிலேயே தெரிந்தது.

"தம்பி, சீலிங்ல ஒரு கொக்கி மாட்டோணுங்க. தொட்டில் கட்றதுக்கு."

"இப்பதான் ஸ்டாண்டோடவே தொட்டில் விக்குதேண்ணா. பாட்டுகூட பாடுது."

"அது இருக்குதுங்க. அது பாடறதுக்கு முன்னால எங்க பாப்பா பாட ஆரம்பிச்சுருதுங்க."

மூன்று மாதப் பெண் குழந்தை. பிறந்ததிலிருந்து கோயம்புத்தூரில் சேலைத் தொட்டிலில் தூங்கிப் பழகிவிட்டது. இங்கே வந்து பத்து நாளாகத் தோளை விட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு அம்மாவுக்கும் பிள்ளைக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. அதற்குள் தொட்டில் தொங்கினால் டிக்கெட் ரத்து. இல்லாவிட்டால் அண்ணன் மறுபடி ஓட்டல் சாப்பாடு. வீட்டு ஓனர் அமெரிக்காவில் இருக்கிறார். கெஞ்சியதில் ஒரே ஓர் ஓட்டைக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்.

"ஒரு ஓட்டை போதும்ணா. ரெண்டு போட்டா அதுக்குப் பேர் பட்டன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதுவரை நான் வைத்திருந்தது ஒரு சாதா டிரில். செங்கல் சுவர் என்றால் வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி போகும். ஆனால் கான்கிரீட்டில் வைத்தால் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி, கல்லுக்குப் பாலிஷ்தான் போடும். எப்படியும் ஒரு ஹாமர் டிரில் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கே செகந்திராபாத் ராணிகஞ்ச் போனேன்.

கடையில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். கடை அவளுடைய அப்பாவுடையது, வாய் அவளுடையது. அவள் பேசியது ஹைதராபாத் ஹிந்தி. அதைத் தமிழில் சொல்கிறேன், 'வேண்டாம்' என்கிற 'நக்கோ' மாதிரி ஒன்றிரண்டை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

நான் நேராகப் பேட்டரி டிரில்லைக் கையில் எடுத்தேன். பார்க்கத் துப்பாக்கி மாதிரி அழகாக இருந்தது.

"எதுக்கு? சுவருக்கா, ஸ்லாபுக்கா?"

"ஸ்லாபுக்கு."

"அப்ப அது நக்கோ. ஸ்க்ரூ முடுக்க அது போதும். ஸ்லாபுல பாதி ஓட்டையிலயே பேட்டரி தூங்கிரும். வயர் வெச்சது எடு பையா."

'பையா', அதாவது 'அண்ணா' என்றதில் எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம். இருந்தாலும் வயர் வைத்ததை எடுத்தேன். கனமாக இருந்தது. தலையில் ஒரு சின்னக் குமிழ், அதற்கு இரண்டு பக்கமும் படம். ஒரு பக்கம் துளையூசி, மறு பக்கம் சுத்தியல். சுத்தியல் பக்கம் தள்ளினால் ஊசி சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் குத்தும். விரலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். "மெல்ல ஆரம்பிக்கத் தெரியாதவனுக்கு இது நக்கோ" என்றாள். நான் மெல்லச் சிரித்துக் காட்டினேன். அதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கான்கிரீட்டுக்கென்று நுனியில் கெட்டி உலோகம் வைத்த ஊசியும், கொக்கி வைத்த ஆங்கர் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தாள். போல்ட்டைச் சுற்றி ஓர் இரும்புச் சட்டை இருக்கும். ஓட்டைக்குள் விட்டு முடுக்கினால் சட்டை விரிந்து கான்கிரீட்டைக் கவ்விக்கொள்ளும். கவ்விவிட்டால் அதற்கு மேல் சுற்றாது. சுற்றிக்கொண்டே இருந்தால் கவ்வவில்லை என்று அர்த்தம். "ஒண்ணு போதுமா?" என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு எடுத்தேன்.

கடைசியாகப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து மெஷின் கழுத்தில் மாட்டிக் காட்டினாள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது.

"இது எதுக்கு? ஸ்கூட்டர் ஓட்டவா?"

"ரெண்டாவது கைக்கு. மேல பாத்து போடும்போது மெஷின் ஆடும்."

"நம்ம கை ஆடாது."

"ஹௌ, ஹௌ" என்றாள், ஆமாம் ஆமாம் என்று. அந்த இரண்டு 'ஹௌ'விலும் நம்பிக்கை துளிகூட இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஹப்சிகுடாவில் மூன்றாவது மாடி. அண்ணன் தோளில் பாப்பா சிவந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தது. அக்கா ஒரு பழைய பருத்திச் சேலையை மடித்து, கயிற்றோடு தயாராக வைத்திருந்தார். சமையலறை வாசலுக்கு நேர் மேலே இடம் காட்டினார்.

"இங்க போடுங்க தம்பி. அடுப்பைப் பாத்துக்கிட்டே கயித்தை இழுத்து ஆட்டிக்கலாம்."

"போடறேங்க்கா. ஆனா ரொம்ப ஆழமாப் போனா மேல் வீட்டு சாம்பார் ஒழுகும். ஒரு பாத்திரம் வெச்சுக்குங்க."

அக்கா உண்மையாகவே உள்ளே போய் ஒரு குண்டானைக் கொண்டுவந்தார். நான் சிரித்த சிரிப்பில் பாப்பாவே ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திப் பார்த்தது. அக்காவுக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது. "மாமா, இந்தத் தம்பி சொல்றது ஒண்ணையும் நம்பாதீங்க" என்று அண்ணனிடம் சொன்னார். அந்த வார்த்தை பிற்பாடு எனக்கே வந்து விடியும் என்று தெரியாது.

அண்ணன் பாப்பாவோடு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சாப்பாட்டு மேஜை மேல் ஏறினேன். பக்கக் கைப்பிடி பெட்டியிலேயே இருந்தது. பென்சிலில் குறி வைத்து, முதலில் சுத்தியல் இல்லாமல் மெல்லச் சுற்றி ஒரு குழி. பிறகு குமிழைத் தள்ளினேன். காகித டம்ளரின் அடியில் துளை போட்டு ஊசியில் கோத்திருந்தேன், தூசி அதில் விழட்டும் என்று. பாதித் தூசி அதில் விழுந்தது. மீதி என் தலையில்.

வீடே அதிர்ந்தது. கை முழு நீளத்துக்கு மேலே நீண்டிருந்தது. மேஜை அரை அடி குள்ளம். பாதி ஆழத்தில் தோள்பட்டை நடுங்க ஆரம்பித்தது. மெஷின் கொஞ்சம் இப்படிச் சாய்ந்தது, கொஞ்சம் அப்படிச் சாய்ந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன்.

மெஷினை நிறுத்தியதும் படுக்கையறையில் அழுகை தொடங்கியது. அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முகமே மாறிப் போயிருந்தது.

"ஏனுங் தம்பி, ஏன் நிறுத்திட்டீங்க? இப்பத்தான் கண்ணு சொருகுச்சு."

"அண்ணா, கொக்கியே வேணாம். மெஷினை இங்கயே விட்டுட்டுப் போறேன். ராத்திரி ஓட்டிக்குங்க, அபார்ட்மெண்டே உங்களை வாழ்த்தும்."

போல்ட்டை ஓட்டைக்குள் தட்டி ஏற்றினேன். ஸ்பேனரால் முடுக்கினேன். சுற்றியது. இன்னும் முடுக்கினேன். இன்னும் சுற்றியது. கை ஆடியதில் ஓட்டையின் வாய் அகன்றுபோயிருந்தது. இரும்புச் சட்டைக்குக் கவ்வ இடமில்லை. கீழே இருந்து பார்த்தால் கொக்கி சிமெண்டில் முளைத்த மாதிரி கச்சிதமாகத் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குள் அக்கா மேஜையில் ஏறிக் கயிற்றைக் கொக்கியில் போட்டுச் சேலையைக் கட்டிவிட்டார். நான் மேஜையை ஓரமாகத் தள்ளினேன். அண்ணன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பத்து நாளில் முதன்முறையாகச் சிரித்த முகம்.

"அக்கா, போடாதீங்க" என்றேன். "இது புடிக்கல."

அக்கா சிரித்தார். "போதும் தம்பி. காலைல சாம்பார், இப்ப இதாக்கும்?"

"நிஜமாக்கா. போல்ட் சுத்துது. விழுந்துரும்."

"விழுந்தா குண்டானை வெச்சுப் புடிச்சுக்கறேன், போங்க."

அண்ணனும் சிரித்தார். பாப்பாவைத் தொட்டிலுக்குள் இறக்கக் குனிந்தார். வாழ்க்கையில் அதுவரை நான் சொன்ன பொய்யையெல்லாம் ஜனங்கள் நம்பியிருக்கிறார்கள். உண்மை சொன்ன அன்றைக்கு ஆளில்லை. வேறு வழி தெரியாமல் நான் குறுக்கே பாய்ந்து, இரண்டு கையாலும் சேலையைப் பிடித்து, இரண்டு காலையும் தூக்கிவிட்டேன்.

ஒரு நொடி தொங்கினேன். மறு நொடி தரையில் இருந்தேன். கொக்கி என் காதை உரசிக்கொண்டு போய்த் தரையில் குதித்தது. சேலை தலை மேல், சிமெண்டுத் தூள் வாய்க்குள்.

அக்கா மெல்ல நகர்ந்து வந்து பாப்பாவை அண்ணன் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அடிபட்டுருச்சா தம்பி?"

"அடி கீழ பட்டுதுக்கா. காட்ட முடியாது." வாய் பழக்கதோஷத்தில் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. "என் தப்புக்கா. கை ஆடிருச்சு. இன்னொரு ஓட்டை போட்டாத்தான் ஆகும்."

அண்ணன் மேலே அண்ணாந்து பார்த்தார். ஓனர் சொன்ன ஒரே ஓட்டை எங்கள் மூன்று பேரையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"போடுங்க" என்றார். "ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன். ஞாயித்துக்கிழமை ரயிலேத்தறதுக்கு இது பரவால்லீங்க."

வாட்ச்மேனிடம் போய் ஏணி கேட்டேன். "ரெண்டு நுஞ்சி நாலுகு தாக்கா சப்தம் ஒத்து" என்று அவர் தெலுங்கில் எச்சரித்தார், இரண்டு மணியிலிருந்து நாலு வரை சத்தம் கூடாதாம். அந்த நேரம் எல்லாரும் தூங்குவார்களாம். எங்கள் வீட்டில் ஒருத்தி தூங்குவதற்காகத்தான் இவ்வளவும் என்று சொல்லி ஏணியைத் தூக்கிவந்தேன்.

பெட்டியிலிருந்து பக்கக் கைப்பிடியை எடுத்து மாட்டினேன். ராணிகஞ்சில் யாரோ 'ஹௌ' சொல்வது காதில் கேட்டது. பழைய ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குறி வைத்தேன். ஏணியில் நின்றதால் மெஷின் முகத்துக்கு நேராக வந்தது. இரண்டு கையாலும் பிடித்தேன், அமுக்கவில்லை. மெஷின் தன் வேலையைத் தானே செய்தது. ஒரு விரல்கடை போனதும் ஊசி கிறீச்சிட்டு நின்றுவிட்டது. உள்ளே கம்பி. கம்பியோடு சண்டை போடாமல் இரண்டு விரல் தள்ளி மறுபடி தொடங்கினேன். இந்த அரைகுறை ஓட்டையை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஓனரும் சேர்க்க வேண்டாம். அடிக்கடி ஊசியை வெளியே இழுத்துத் தூளை உதிர்த்தேன். கடைசியில் அண்ணனின் சைக்கிள் பம்பை வாங்கி ஓட்டைக்குள் காற்றடித்தேன்.

இரண்டாவது போல்ட்டை ஏற்றி முடுக்கினேன். சுற்றியது, சுற்றியது, கனத்தது, நின்றது. முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

தொட்டில் கட்டியதும் முதலில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைப் போட்டு ஆட்டினோம். மூட்டை அழவில்லை. அடுத்து நான் தொங்கினேன். அண்ணன் என் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார். போல்ட்டின் ஓரத்திலிருந்து ஒரு துளி தூள்கூட உதிரவில்லை. அதற்குப் பிறகுதான் பாப்பா.

அக்கா கயிற்றை நாலு தரம் இழுத்தார். ஐந்தாவது தரத்துக்கு வேலையில்லை. சேலைக்கு வெளியே ஒரு சின்னக் கால் மட்டும் தெரிந்தது. அண்ணன் சோபாவில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார். போன் இன்னும் கையில் இருந்தது, டிக்கெட்டை ரத்து செய்யும் பக்கம் திறந்தபடி.

நான் தொட்டிலுக்கு அருகில் தரையில் உட்கார்ந்து மெஷின் வயரைச் சுற்றினேன். பிறகு பிரித்தேன். சரியாக வரவில்லை என்று மறுபடி சுற்றினேன்.

"ஏந் தம்பி" என்று அக்கா அடுப்படியிலிருந்து ரகசியக் குரலில் கேட்டார், "அந்த வயரை எத்தனை தரந்தான் சுத்துவீங்க?"

"புது வயருக்கா. முரண்டு பண்ணுது."

இந்தத் தடவையும் அவர் நம்பவில்லை. என் ஒரு கைதான் வயரில் இருந்தது. இன்னொரு கையைத் தொட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்.