குழாயடி மல்லி

வேண்டாவின் கணவர் ராகவன் கார்த்திகைக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்பும்போது வாசல் குழாயில் கால் கழுவினார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் குழாயடியில் இருந்த குண்டுமல்லிக்கே ஓடியது. பதினாறாம் நாள் முடிந்து கூட்டம் கலைந்ததும், வேண்டா தன் பங்குக்குத் தினமும் ஒரு குடம் ஊற்றினாள். குடம் தூக்க யோசனை தேவைப்படவில்லை.

பங்குனியில் தெருவெல்லாம் மல்லி பூத்தது. இங்கே இலைதான் கருகருவென்று கொழுத்திருந்தது. மறைமலைநகரில் கம்பெனி வேலையில் இருந்த மகன் ரமேஷுக்கு வைகாசியில் கார் வருகிறது. அதை நிறுத்த, மல்லி நின்ற குழாயடி மூலையைப் பார்த்து வைத்திருந்தான்.

“பூக்காத செடிம்மா. சித்திரை முடியட்டும், எடுத்துட்டு சிமெண்ட் போட்டுரலாம்.”

சரி என்றாள். அந்த மாதங்களில் எதற்கும் சரிதான்.

பக்கத்து வீட்டுக் கண்ணகி மதில்மேல் எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா, இம்மாந்தண்ணி ஊத்திகினு கீற? தையில கவாத்து பண்ணலியா? எனக்கே நீதான சொல்லிக் குடுத்த?”

வருஷாவருஷம் தையில் தண்ணீரை நிறுத்தி, இலை பழுத்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலையை உருவிப் போடுகிறவள் வேண்டா. இந்த வருஷம் தை வந்ததே தெரியவில்லை.

அன்றே குடத்தைக் கவிழ்த்தாள். விடிந்ததும் கை அதைத் தேடும், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பத்து நாளில் இலை மஞ்சளாகத் தொங்கியது. வெட்டினாள். வெறும் குச்சிகளைப் பார்த்த ரமேஷ், செடியை எடுக்கும் வேலை தனக்கு மிச்சம் என்று நினைத்துக்கொண்டான். எரு போட்டு, மறுபடி ஊற்றத் தொடங்கினாள்.

சித்திரைக் கடைசி ஞாயிறன்று அளவெடுக்கக் கொத்தனாரோடு வந்த ரமேஷ், குனிந்து பார்த்தான். துளிர் நுனியெல்லாம் அரிசி அரிசியாக மொட்டு. கொத்தனாரைத் திருப்பி அனுப்பினான்.

“காரு ரோட்லயே நிக்கட்டும்மா.”

சரி என்றாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் முறத்தில் பாதிக்கு மொட்டுப் பறித்தாள். பறித்ததை என்ன செய்வதென்று தெரியாமல் படியிலேயே இருந்தாள். கண்ணகி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பூத்தும் எனக்கு ஒண்ணும் தோணலடி.”

“தோணலன்னா போவுது. விரியறதுக்குள்ள கட்டுக்கா.”

வேண்டா வாழைநாரை எடுத்து நனைத்தாள்.