பத்திரத்தில் எழுதிய விலை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதிகாரி, ஆபீசர் என்றெல்லாம் பார்க்க மாட்டேன். அன்றைக்கும் தாலுகா ஆபீஸில் சண்டை போடத்தான் போனேன்.

நெருப்பெரிச்சல் ஊருக்குப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வண்டித்தடம்தான். அந்தப் பக்கத்து மூன்று ஏக்கரில் ஒற்றை ஆளாய் வெள்ளாமை பார்த்தவர், புருஷனை இழந்த ஓர் அக்கா. எனக்குச் சொந்தமில்லை, சொந்தத்துக்கும் மேலே. தன் தோட்டத்தில் பாறையை உடைத்துக் கிணறு இறக்கியபோது பாதிக் கல்லை அவரே சுமந்து கொட்டினார். அறுபதுகளின் நடுவில், தொழிற்பேட்டைக்கென்று சர்க்கார் அந்த மூன்று ஏக்கரையும் எடுத்தது. எங்களுடையது தப்பிவிட்டது.

நஷ்டஈடு ஏக்கருக்கு இரண்டாயிரம் என்று நோட்டீஸ் வந்தது. ஆறாயிரத்துக்குக் குறைந்து அங்கே யார் நிலம் கொடுத்தார்கள்? இந்தப் பணத்துக்கு வெள்ளகோவில் பக்கம் தண்ணீரில்லாத காடுகூட மூன்று ஏக்கர் கிடைக்காது. அக்காவையும் இழுத்துக்கொண்டு போய், "எந்தப் புண்ணியவானுங்க இந்த வெல போட்டது?" என்று கேட்டேன்.

அதிகாரி கோபிக்கவில்லை. "நாங்களா போடலீங்கம்மா. பக்கத்துல கடைசியா நடந்த கிரயத்த வெச்சுத்தான் போட்டிருக்குது" என்று ஒரு பத்திர நகலை எடுத்தார். வாங்கியவர் பெயரைப் படித்தார். அது என் பெயர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின வருஷம் பங்காளியிடம் இரண்டு ஏக்கர் வாங்கியிருந்தோம். கொடுத்தது ஏக்கருக்கு ஆறாயிரம். முத்திரைச் செலவு குறையட்டும் என்று எழுதியது இரண்டாயிரம். ஊரே அப்படித்தான் எழுதும். உள்ளபடி எழுதியிருந்தால் கிறுக்கி என்று சிரித்திருப்பார்கள். அந்தக் காகிதம் இன்னொருத்தி நிலத்தை விழுங்கும் என்று யார் கண்டது, அடக் கடவுளே!

அக்கா கூடுதல் கேட்டு வழக்குப் போட்டார். "கோர்ட்டுல நெசத்தச் சொல்லிருவியா கண்ணு?" என்றார்.

"சொல்றனுங்க அக்கா. நீங்க பயப்படாதீங்க."

என் வீட்டுக்காரர் குதித்தார். "வாயத் தொறந்தீன்னா நம்மளப் புடிச்சு உள்ள வெச்சுருவாங்க!"

"அட, போங்க" என்றுவிட்டுத்தான் கிளம்பினேன்.

கோயமுத்தூர் கோர்ட்டில் கூண்டேறினேன். சர்க்கார் வக்கீல் பத்திரத்தை நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே? ஏக்கருக்கு ஆறாயிரம் குடுத்தீங்கன்னு அந்தம்மா வழக்குல சொல்றாங்க. அப்ப பொய் விலை எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க, அப்படித்தானே?"

"இல்லீங்க சாமி. எழுதுன வெலதானுங்க குடுத்தது."

சொன்னது நான்தானா என்று எனக்கே நம்ப முடியவில்லை. மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது. வக்கீல் காகிதங்களைப் புரட்டிக்கொண்டுதான் நின்றார். அத்தனை வாய் பேசுகிறவள், பயந்து சாகிறவள்போல் நின்றேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியே வந்ததும், "வா கண்ணு, பஸ் போயிரும்" என்றார். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். திட்டுவார், ஓர் அறையாவது விடுவார் என்று அவிநாசி வரைக்கும் காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"காலைல இருந்து ஒண்ணும் திங்கலியே கண்ணு, பசிக்கலியா?"