கிருபாசங்கரின் சனிக்கிழமை

பெருந்துறை சிப்காட்டில் ஒரு நூல் கம்பெனி. அதில் கிருபாசங்கர் கொள்முதல் பார்த்தார், நான் ஸ்டோர்ஸ். நாற்பத்தாறு வயதில் அந்த மனுஷனுக்குத் தொல்லியல் எம்.ஏ. படிக்க ஆசை. ஆசை என்றா சொன்னேன்? பைத்தியம். ஞாயிறானால் பைக்கில் கொடுமணலுக்குப் போய், அகழாய்வுக்குத் தோண்டி மூடிய குழிகளைப் பார்த்துவிட்டு வருவார். அங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. ஒரு மணி நேரம் போய்விடும்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே பகுதிநேரப் படிப்பு இருந்தது. வகுப்பு சனிக்கிழமை மட்டும். எங்களுக்கோ சனிக்கிழமையும் வேலைநாள். அந்த ஒரு நாள் லீவு கிடைத்தால் படிப்பார், இல்லாவிட்டால் இல்லை.

முதலாளி அங்கப்பனிடம் கேட்டார். "பாக்கலாங்க கிருபா" என்றார் அவர், சிரித்த முகமாக.

எங்கள் பக்கத்தில் 'பாக்கலாங்க' என்றால் முடியாது என்று அர்த்தம். சரக்கு விற்க வருகிறவர்களைக் கிருபாசங்கரே நாள் முழுக்க இந்த வார்த்தையைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார். தனக்குச் சொன்னபோது மட்டும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யாரும் திருத்தவில்லை. "மொதலாளியே சொல்லிப்போட்டாருல்லங்க, உட்றாதீங்க" என்று தட்டிக்கொடுத்ததே நான்தான்.

அவரும் விடவில்லை. தினம் பத்துப் பக்கம். பஸ்ஸில் படித்தார், சாப்பிட்டுக்கொண்டே படித்தார். மகள் ரித்திகா கேள்வி கேட்டுக் கேட்டு நுழைவுத் தேர்வுக்குப் பழக்கினாள். ஒன்பது மாதம் அப்படியே ஓடியது. தேர்வில் மூன்றாவதாக வந்தார். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன்.

சேர்க்கைக்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை, முதலாளி அறைக்குப் போனார். நான் பில்லில் கையெழுத்து வாங்க அங்கேதான் நின்றிருந்தேன்.

"அடுத்த மாசத்துல இருந்து சனிக்கிழமை வரமாட்டேனுங்க, நீங்க சொன்னபடி."

"நான் எப்பங்க சொன்னேன்?"

கிருபாசங்கர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "முடியாதுன்னா முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே!"

அங்கப்பன் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆளாக இருந்திருந்தால் தேவலை. டீ வரவழைத்துக் கொடுத்தார். "சனிக்கிழமை மட்டும் எதுக்குங்க? இனி எல்லா நாளும் படிங்க. ஆசைப்பட்டுட்டீங்க, நல்லாப் படிங்க" என்றார்.

திங்கட்கிழமை கிருபாசங்கரின் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கல்லூரியிலிருந்து கிருபாசங்கர் ஃபோன் பண்ணினார். பணிச் சான்றிதழ் கேட்கிறார்களாம். வேலையில் இல்லாதவருக்கு அந்தப் படிப்பில் இடமில்லையாம். இரண்டு மணிக்குள் கொடுக்காவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம்.

"போன வாரத் தேதி போட்டு ஒரு சீல் வெச்சு அனுப்புங்க, போதும். போன வாரம் நான் வேலையிலதானுங்களே இருந்தேன்?" என்றார்.

"சீல் மொதலாளி ஊட்டுல இருக்குதுங்க" என்றேன்.

சீல் என் மேசை டிராயரில் இருந்தது. இரண்டு மணி வரை நான் அதைத் திறக்கவில்லை.