குதிரைக் காவல்

என் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மீதியையும் சொன்னால் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர். லீவு நாளில் எங்கள் கூடத்து வட்ட மேசையைச் சுற்றி மூன்று பேரை உட்காரவைத்து, "நீங்க இப்ப ஒரு மலையடிவாரத்துல நிக்கிறீங்க" என்று ஆரம்பிப்பார். கதையை இவர் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. ஒரு நாளில் முடிகிற சமாச்சாரமும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரே கதை ஒன்பது வருஷம் ஓடியது.

இந்த விளையாட்டு இப்போது எங்கே பார்த்தாலும் கொடிகட்டிப் பறக்கிறது என்று அந்த மூன்று பேரில் ஒருவனான என் தம்பி சொல்கிறான். பறக்கட்டும். அவன் லட்சணம் எனக்குத் தெரியாதா? ஊர் பேர் தெரியாதவர்கள் எங்கேயோ உட்கார்ந்து விளையாடுவதைச் செல்போனில் மணிக்கணக்காகப் பார்ப்பான். இரண்டு தெரு தள்ளி இருக்கிற அக்கா வீட்டுக்கு வந்து விளையாடு என்றால் மட்டும் ஆபீசில் வேலை இருக்கும். அடுத்தவன் சாப்பிடுவதைப் பார்த்தே ஏப்பம் விடுகிற ஜாதி.

மற்ற இருவரும் இவனுக்குக் குறைந்தவர்கள் இல்லை. ஒருவர் பல் டாக்டர். இந்த விளையாட்டுக்கு எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் ஆளாக வாங்கிவிடுவார். ஒவ்வொன்றும் செங்கல் கனம். வாங்கினதோடு சரி, பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அவர் அலமாரியில் நிற்கிறது. இன்னொருவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்துகிற வார்த்தையே பெயராகிப்போய், எல்லோருக்கும் அவர் 'பிரேக்கு'. பிரேக்குக்குப் புதுப்புதுப் பாத்திரமாக உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விளையாட வேண்டாம். பழைய விதிமுறை நல்லதா புதியது நல்லதா என்று முகம் தெரியாதவர்களோடு செல்போனில் மல்லுக்கட்டுவார். அந்த நேரத்துக்கு நான்கு கதை ஆடி முடித்திருக்கலாம்.

நான் வேலை பார்ப்பது ரயில்வே டிக்கெட் கவுண்டரில். வரிசையில் நிற்பவர்களிடம் 'இல்லை' என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஆனால் இந்த மூன்று பேரும் விதவிதமாக 'இல்லை' சொல்லுகிற அழகை நான் எங்கேயும் கண்டதில்லை.

வராதவர்களுக்கு என் வீட்டுக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். கதையில் எல்லோரும் குதிரையில் போகிறவர்கள். குகைக்குள், கோட்டைக்குள் குதிரை போகாது அல்லவா? அன்றைக்கு யார் வரவில்லையோ அவருடைய பாத்திரம் வெளியே நின்று குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டு, இருப்பவர்களோடு ஆட்டத்தை நடத்திவிடுவார். என் தம்பியின் மாவீரன் குதிரைக்குப் புல் போட்டே கிழவனாகிவிட்டிருப்பான்.

கதை ஒருவழியாகக் கடைசிக்கு வந்தது. தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோன ஊர், ஆற்றை உள்ளே அடைத்துவைத்திருக்கும் மலை, அதற்கு ஒரு கல் கதவு. அதைத் திறந்தால் முடிந்தது. இங்கேதான் இவர் பிடிவாதம் பிடித்தார். கடைசி ஆட்டத்தில் யாரும் குதிரையோடு நிற்கக் கூடாது, எல்லோரும் சேர்ந்துதான் உள்ளே போக வேண்டும் என்றார். நடந்ததா? இரண்டு வருஷம் அந்தக் கதவுக்கு முன்னாலேயே கதை நின்றது. ஒருவர் வந்தால் ஒருவர் வரமாட்டார். ஒவ்வொரு தடவையும் இவர் மேசையைத் துடைத்து, காகிதங்களை அடுக்கி, பகடையை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொன்றாக மெசேஜ் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர் மட்டும், "பரவால்ல, அவங்களுக்கும் வேலை இருக்கும்ல" என்பார்.

போன மாதம் மூன்று பேரும் சத்தியம் செய்யாத குறையாக ஒரு நாளைக் குறித்தார்கள். அன்று காலையிலேயே மூன்று மெசேஜும் வந்துவிட்டது. இவர் 'பரவால்ல' என்று சொல்லவில்லை. காகிதங்களையும் பகடையையும் ஒரு பைக்குள் போட்டார். மேசையை டாக்டருக்கே கொடுத்துவிடலாம், கிளினிக்கில் காத்திருப்பவர்களுக்குப் பயன்படும், அந்தப் பையையும் அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றார். கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மேசையை எடுத்துப்போக ஒரு நாள் சொல்லி அனுப்பினார். அநியாயத்தைக் கேளுங்கள். விளையாடக் கூப்பிட்டால் வராத மூன்று பேரும், மேசை தூக்கச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே டாண் என்று வந்து நின்றார்கள். டாக்டர் வேன்கூடக் கொண்டுவந்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாருக்கும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

நாங்கள் இருப்பது நான்காவது மாடி. லிஃப்டின் நடுவில் மேசை நின்றது, சுற்றிலும் நான்கு பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். பையை மேசைமேல் வைத்தார்கள். எனக்கு இடமில்லை என்பதால் படியில் இறங்கினேன். மூன்றாவது மாடியைத் தாண்டும்போது லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்ற சத்தம் கேட்டது. ஓடிப்போய் இரண்டாவது மாடி லிஃப்ட் கதவைத் தட்டினேன். தலைக்கு மேலேயிருந்து பேச்சுச் சத்தம் வந்தது.

"அக்கா, இங்க டவரே கிடைக்கல" என்றான் தம்பி, உலகமே முடிந்துபோன மாதிரி.

கதவு காண்டாக்ட்டில் ஏதோ கோளாறு, சரியாக நேரமாகும் என்று இவர் குரல் கொடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். சாமான் ஏற்றும்போது உள்கதவில் இடித்து அது லேசாக விலகினால் லிஃப்ட் நின்றுவிடும், கதவை அழுத்திச் சாத்திவிட்டு பட்டனைத் தட்டினால் மறுபடி ஓடும், இதற்குப் போய் என்னைக் கூப்பிடுகிறார்களே என்று எத்தனை தடவை சிரித்திருப்பார்! சிரித்தாலும் போகாமல் இருந்ததில்லை. யாராவது மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால், பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிற ஆள்.

"கதவை அழுத்திச் சாத்துனா போதும்னு நீங்கதானே சொல்லுவீங்க?" என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

"தெரியும்மா" என்றார். பிறகு மெதுவாக, "எல்லாரும் இருக்காங்க."

கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். மற்ற மூன்று பேரும் அதைக் கேட்டிருப்பார்கள். அந்தக் கதவை யார் வேண்டுமானாலும் சாத்தியிருக்கலாம், கை எட்டுகிற தூரம்தான். யாராவது ஒருவன் வேலை இருக்கிறது என்று வாயைத் திறந்தால் அத்தோடு கதை முடிந்தது. இவன்தான் கெடுப்பான் என்று நான் தம்பியைத்தான் எதிர்பார்த்து நின்றேன்.

டாக்டர்தான் தொண்டையைச் செருமினார். "சரி. நான் அந்தக் கல் கதவுல காதை வெச்சுக் கேக்குறேன். உள்ள என்ன சத்தம் கேக்குது?"

பை திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மேசைமேல் பகடை உருண்டது.

அதற்கப்புறம் என் பாடுதான் திண்டாட்டம். ஐந்தாவது மாடிக்காரர் சிலிண்டரோடு வந்து நின்றார். லிஃப்ட் ரிப்பேர் என்றேன். மெக்கானிக் வீடே இங்கேதானே இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, மெக்கானிக்தான் உள்ளே ரிப்பேர் பார்க்கிறார் என்றேன். ஏழாவது மாடி அம்மா காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். அந்தப் பையை நானே தூக்கிக்கொண்டு அவளை மேலே விட்டுவிட்டு, மூட்டு கழன்றுபோகிற மாதிரி ஓடி வந்தேன். லிஃப்டுக்குள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறதே என்று ஒரு காலேஜ் பெண் சந்தேகப்பட்டாள். பயத்தில் சிலருக்கு அப்படித்தான் வரும் என்றேன். கவுண்டரில் பழகிய வாய், வஞ்சனை இல்லாமல் பொய் சொன்னது.

நடுவில் ஒரு தடவை உள்ளே எல்லோரும் மூச்சைப் பிடித்த மாதிரி அமைதி. பகடை உருண்டு நின்றது. உடனே என் தம்பி போட்ட சத்தத்தில் லிஃப்டே ஆடியது. அவன் கல்யாணத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை.

கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் கீழே இறங்கியது. நான்கு பேரும் வேர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தார்கள். டவர் கிடைத்ததும் மூன்று போனும் ஒரே நேரத்தில் அலறின. டாக்டருக்குப் பல்வலிக்காரர் யாரோ காத்திருந்தார். பிரேக்கு வகுப்புக்கு ஓடினார். தம்பி மட்டும் இரண்டடி போய்த் திரும்பி, "மாமா..." என்றான். மேலே ஒன்றும் சொல்லத் தெரியாமல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். மேசை வேனில் ஏறிப் போயிற்று. யாரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

சாயங்காலம் காலியான கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேசைக்கால் இருந்த இடம் நான்கு வெள்ளை வட்டமாகத் தெரிந்தது. கதவு திறந்ததா என்று கேட்டேன். திறந்தது, தண்ணீர் வந்தது, உன் தம்பிதான் கதவைத் தள்ளினான் என்றார். சொல்லிவிட்டுச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாகச் சமையலறையிலிருந்தே கேட்ட கதை. எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது.

"எல்லாரும் உள்ள போயிட்டீங்க. குதிரைங்கள யாரு பாத்துக்கிட்டா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இதைக்கூடவா கேட்க வேண்டும் என்கிற முகம்.

"நீதான்" என்றார்.