கீழே போனவர்கள் மேலே வரும் வரை

ஸ்டெல்லா மிஸ் மறைந்த செய்தி வந்தபோது நான் தேவராஜ மொஹல்லாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி கடைக்காரர் கையில் இருந்தது. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏதோ வந்து விழுந்துகொண்டே இருந்தது, எனக்கு எழுத்து தெரியவில்லை. போனை அவரிடமே நீட்டினேன். "ஸ்டெல்லா மிஸ் இன்னில்லா அந்தெ, சார்" என்று கன்னடத்தில் படித்துச் சொன்னவர், யார், உங்களுக்கு வேண்டியவரா என்று கேட்டார். "பக்கத்து வகுப்பு" என்றேன். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டு நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அவர் சரியாகத்தான் படித்திருந்தார்.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் அறிவியல் ஆசிரியை. எனக்கு அவர் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஓயாத சத்தம். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரு மரத்தடுப்புதான். இந்தப் பக்கம் நான் ஆங்கிலம் நடத்துவேன். அந்தப் பக்கம் அவர் பூமியைத் தோண்டுவார். யார் குரல் ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அவர் பூமியைத் தோண்டியது என்னுடைய புத்தகத்தால். இதை நான் இன்னும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பள்ளி நூலகம் என் பொறுப்பில் இருந்தது. அங்கே ஒரு பழைய சாகச நாவல் உண்டு. கயிறும் விளக்குமாகச் சிலர் ஓர் எரிமலையின் வாய் வழியே பூமிக்குள் இறங்கிப் போகும் கதை. முதுகு பிய்ந்து பசைத்தாள் ஒட்டியது. அதை ஒருநாள் எடுத்துக்கொண்டு போனவர் திருப்பித் தரவே இல்லை. கேட்கப் போனேன். "இது கதைப் புத்தகம், மிஸ். அறிவியல் முழுக்கத் தப்பு" என்றேன். "அதனாலதான் சார் எடுத்தேன். சரியா எழுதினதைப் பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிடும். தப்பா எழுதினாத்தான் யோசிக்கும்" என்றார். நான் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். வந்த பிறகுதான் நல்ல பதில் ஒன்று தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அவருடைய வகுப்பு எப்படி நடக்கும் என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கதையைச் சத்தமாக வாசிப்பார். பூமியைப் பற்றி எழுத்தாளர் கப்சா விடும் இடம் வந்தால் பிள்ளைகள் "சுள்ளு!" என்று கத்த வேண்டும். கன்னடத்தில் பொய் என்று அர்த்தம். கத்தினால் மட்டும் போதாது, ஏன் பொய் என்று எழுந்து நின்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாதவர்கள் அடுத்த நாள் நிரூபணத்தோடு வர வேண்டும். பாடப்புத்தகத்தை யாரும் சொல்லாமலே புரட்டினார்கள், சண்டைக்கு ஆதாரம் தேடி. நான் இந்தப் பக்கம் ஒரு கவிதையை மெல்லப் படித்து நிறுத்தும் நொடி பார்த்து அங்கே நாற்பது தொண்டை சுள்ளு என்று கிழியும். என் வகுப்பும் சேர்ந்து சிரிக்கும். தலையில் அடித்துக்கொள்வேன்.

முதல் சுள்ளு எப்போதும் அவருடையது. இறங்க இறங்கச் சூடு அப்படி ஒன்றும் ஏறவில்லை என்று கதையில் வரும். அங்கே புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பார். அவர் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் பிறந்தவர். அப்பா தினமும் லிஃப்டில் பூமிக்குள் இறங்கி வேலை பார்த்தவர். "எங்க அப்பா மேலே வந்ததும் பனியனைப் பிழிவாரு. வாசல்ல ஒரு சின்ன ஓடை ஓடும். பாறையில கை வச்சா சுடும்னு சொல்வாரு. இதை எழுதின ஆளு கீழே போனதே இல்லை" என்பார். பூமியின் உள்வெப்பம் என்ற பாடத்தை அந்தப் பனியனிலிருந்து படித்த பிள்ளைகள் இன்று பெரிய வேலைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது இன்னும் நினைவிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

பள்ளிக்குப் பக்கத்து மனையில் போர்வெல் போட்ட நாளை மறந்திருக்க மாட்டீர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்றது. காது கிழியும் சத்தம். நான் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். அவர் வகுப்பையே கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கதையில் நம் ஆட்கள் எவ்வளவு கீழே இருக்கிறார்கள், இந்த ராடு எவ்வளவு கீழே போகிறது என்று பார்க்க வேண்டுமாம். ரிக் ஆட்களிடம் தமிழில் பேசி, ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் மேலே வரும் தூளில் ஒரு பிடி வாங்கினார். "கண்ணுகளா, தள்ளி நில்லுங்க, சேறு அடிக்குமுங்க" என்று அவர்களும் சலிக்காமல் கொடுத்தார்கள். முதலில் செம்மண், பிறகு சரளை, பிறகு சாம்பல் நிறத் தூள். அப்புறம் அதே சாம்பல். மறுபடியும் அதே சாம்பல். கதையிலோ பக்கத்துக்குப் பக்கம் புதுப் பாறை, புது அதிசயம். "இவ்வளவுதானா மிஸ்?" என்று ஒரு பெண் அழாக்குறையாகக் கேட்டாள். "கதைக்கு அவசரம், பக்கம் நகரணும். பூமிக்கு என்ன அவசரம்?" என்றார். அடுத்த பாடவேளை என்னுடையது. தலை முதல் கால் வரை சேறு பூசிய நாற்பது பேருக்கு நான் ஆங்கில இலக்கணம் நடத்தினேன்.

இப்படியே போயிருந்தால் நினைத்துச் சிரிக்க மட்டுமே இருந்திருக்கும். பரிசளிப்பு விழாவுக்கு வந்த ஒரு பெரிய மனிதர் அதைக் கெடுத்தார். பள்ளிக்கு நன்கொடை தந்தவர். நல்ல மனிதர்தான். மைக்கைப் பிடித்ததும் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்ல ஆசை வந்துவிட்டது. நம் சாமுண்டி மலை ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கிய எரிமலை என்றார். ஏழாம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் "சுள்ளு!" என்றது.

நான் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்தேன். ஒரு பையன் எழுந்து நின்று, வழக்கம் தவறாமல், நிரூபிக்கவும் ஆரம்பித்துவிட்டான். மலைக்கல்லில் பெரிய பெரிய படிகங்கள் இருக்கின்றன, அப்படியென்றால் அது வெளியே கொட்டவில்லை, பூமிக்குள்ளேயே மெல்ல மெல்ல ஆறியிருக்கிறது, பிறகு மேல்மண் கரைந்து போய் வெளியே தெரிகிறது என்று. உட்காரு என்று யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். விருந்தினர் சிரித்து மழுப்பினார். எங்கள் நிர்வாகி சிரிக்கவில்லை.

மறுநாள் ஸ்டெல்லா மிஸ்ஸை அழைத்து, வகுப்பு முழுவதும் மன்னிப்புக் கேட்க வேண்டும், கதைப் புத்தகம் இனி வகுப்புக்குள் வரக் கூடாது என்றார்கள். "கத்தினதுக்குக் கேப்பாங்க சார். சொன்னதுக்குக் கேக்க மாட்டாங்க" என்றாராம். அப்படியே நடந்தது. காலை வழிபாட்டில் வகுப்புத் தலைவி வந்து, கத்தியதற்கு வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டு, மலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிப் போனாள். நிர்வாகிக்கு அது போதவில்லை. அந்த வாரமே அவரை மூன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். என் வகுப்பின் இன்னொரு பக்கத்தில், இன்னொரு மரத்தடுப்புக்கு அப்பால். ஏழாம் வகுப்புக்கு வேறு ஆசிரியர் வந்தார். பாடத்தை ஒழுங்காக நடத்தினார். யாரும் எதுவும் கத்தவில்லை. எனக்குக் கவிதை படிக்க வேண்டிய அமைதி கிடைத்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

சில நாளில் பிள்ளைகள் என்னிடம் வந்து நின்றார்கள். "அவரெல்லா இன்னூ கெளகே இத்தாரெ, சார்" என்றாள் அதே தலைவி. அவர்கள் எல்லாரும் இன்னும் கீழேயே இருக்கிறார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. கதையைச் சொன்னாள். விளக்கு அணைந்து, தண்ணீரும் தீர்ந்து, கதையின் ஆட்கள் இருட்டில் நிற்கும் இடத்தில் வாசிப்பு நின்றுபோயிருந்தது.

ஆசிரியர் அறையில் இதைச் சிரித்துக்கொண்டேதான் ஸ்டெல்லா மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோபம் வந்தால் அவருக்குத் தங்கவயல் பேச்சு வந்துவிடும். "இன்னா சார், இதுல சிரிக்க இன்னா இருக்குது? அப்பா ஷிஃப்ட்டுக்குக் கீழே போயிருந்தா எங்க வூட்ல எதையும் பாதியில விட மாட்டாங்க. எங்கம்மா கோலத்தைப் பாதியில விடாது. நாங்க பாட்டைப் பாதியில நிறுத்தினா அடி வுழும். ஆளுங்க கீழே இருக்கும்போது கதையை நிறுத்தலாமா?" என்றார். பிறகு தன் பையிலிருந்து அந்தப் பசைத்தாள் ஒட்டிய புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். "உங்க நூலகப் புத்தகம். உங்க நூலகப் பாடவேளை. எப்படியாவது மேலே கொண்டு வந்துடுங்க சார்."

இரண்டு பிரிவுகளையும் என் வகுப்பிலேயே ஒன்றாக உட்காரவைத்து நான் வாசித்தேன். ஆங்கில ஆசிரியர் நூலக வேளையில் நாவல் படிப்பதை யார் தடுக்க முடியும்? பிள்ளைகள் சுள்ளு என்று கத்தவில்லை. பொய் வந்த இடத்தில் விரலை மட்டும் தூக்கினார்கள். எத்தனை விரல்! நான் அவருடைய குரலில் வாசிக்க முயலவில்லை, வராது. ஆனால் வழக்கத்தைவிடச் சத்தமாக வாசித்தேன், தடுப்புக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று. கடைசி அத்தியாயத்தன்று மூன்றாம் வகுப்பு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. கதையின் ஆட்கள் வெளியே வந்து வெயிலைப் பார்த்த வரியை வாசித்து முடித்தேன். தடுப்புக்கு அப்பால் ஒருவர் கைதட்டினார். பிறகு என்ன ஏது என்று தெரியாமல் மூன்றாம் வகுப்புச் சுண்டைக்காய்கள் எல்லாம் சேர்ந்து தட்டின. என் பக்கத்துப் பிள்ளைகள் எழுந்து நின்று தட்டினார்கள். நானும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன். நல்லவேளை, வாசிக்க வேறு வரி மிச்சமில்லை.

பிறகு நிர்வாகி மாறினார். ஏழாம் வகுப்பு ஸ்டெல்லா மிஸ்ஸுக்குத் திரும்பி வந்தது, கூச்சலும் வந்தது. நாங்கள் இருவரும் ஓய்வு பெறும் வரை அந்தப் புத்தகம் யாருடையது என்ற சண்டையும் ஓயவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது ஹெப்பாளில், மகள் வீட்டில். மகள் அங்கே கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தது, பேச்சு இளைக்கவில்லை. "சார், அந்தக் கதையில ஒரே ஒரு பொய்யை மட்டும் வச்சுக்கலாம்னா நீங்க எதை வச்சுக்குவீங்க?" என்று கேட்டார்.

"பூமிக்கு அடியில வர்ற கடல்" என்றேன். ஆங்கில ஆசிரியன் வேறு எதைச் சொல்வான்?

"எனக்கு அது வேணாம் சார். கீழே போனவங்க அத்தனை பேரும் ஏறி வந்துட்டாங்கன்னு கடைசியில இருக்கு பாருங்க, அது போதும். எங்கப்பா வந்துட்டாரு. எங்க லைன்ல எல்லா வூட்டுக்கும் அப்படி வாய்க்கலை. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பக்கம் வரும்போது, எந்தப் பிள்ளையாவது இதுக்கும் சுள்ளுன்னு சொல்லிடுமோன்னு பயந்துக்கிட்டே படிப்பேன். எதுக்கெல்லாமோ கத்தினாங்க. அதுக்கு மட்டும் ஒருத்தரும் கத்தலை சார்" என்றார்.

அடக்கத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கிய பிறகு, இவர் ஒருநாள் எழுந்து வருவார் என்று பாதிரியார் சொன்னார். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவன் இல்லை. எதைச் சொன்னாலும் நிரூபணம் கேட்கும் நோயை வேறு அவரே எனக்குத் தொற்றவைத்திருந்தார். சுற்றிலும் அவருடைய ஏழாம் வகுப்புகள் நின்றன, நரைத்த தலைகளும் கைக்குழந்தைகளுமாக. ஒருவரும் சுள்ளு என்று கத்தவில்லை. எல்லாரும் ஆமென் என்றபோது, அது மெய்யா என்று கேட்காமல் நானும் ஆமென் என்றேன். கீழே போனவர்கள் ஏறி வரும் அந்த ஒன்றை மட்டும் நானும் வைத்துக்கொண்டேன்.